தார்ப் பாலையில் ஒரு ஜீப் பிரயாணம்

“பாலைவனம் என்றால் மணல். மணல் என்றால் வெறும் வெளி. வெறும் வெளியில் வண்டி ஓட்டுவதற்குப் பாதை எதற்கு?”

இவ்விதம் தர்க்கம் செய்தவன் 14 வயதான என் புதல்வன். ஒன்பதாம் வகுப்பில் தர்க்க சாஸ்திரம் பாடமில்லை. ஆயினும் அது பையன்களுக்கு எங்கிருந்தோ வந்துவிடுகிறது என்பதை 20 வருஷமாக உபாத்தியாயர் தொழில் செய்யும் நான் நன்கு அறிவேன். ஜெய்ஸால்மர் நகரத்தில் ஜீப்பில் ஏறிய நிமிஷம் முதல், பாதையை விட்டு விலகி மனம் போன போக்கில் வண்டி பறக்க வேண்டும் என்பதே அவனுடைய ஆசை.

ராஜஸ்தானத்தின் மேற்குக் கோடியிலுள்ள இந்த ஊருக்குப் போகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் போக வேண்டும். கோடையில் அங்கே உஷ்ணம் 45 டிகிரியையும் தாண்டும். குளிர்காலத்துப் பகலோ வெகு இதமானது. ஆனால் மணல் சூட்டைச் சேமித்து வைப்பதில்லை; வானத்துக்கும் மேகப் போர்வை கிடையாது. ஆகவே சூரியன் மறைந்த சில நாழிகைக்குள் பற்கள் தந்தியடிக்கத் தொடங்கும். 1156-ம் ஆண்டில் ராவல் ஜெய்ஸல் அமைத்த மஞ்சள் கற்கோட்டையைப் பற்றி எழுதாத யாத்ரிகர் இல்லையாதலால், நான் அதை விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஜீப்பின் சாரதி அந்தப் பக்கத்துக் கிராமவாசி; ஐம்பது வயதிருக்கும். அவர் பேசிய ஹிந்தியை என் புதல்வி எங்களுக்குத் தமிழில் சொல்லி வந்தாள். முதலில் 18 கிலோமீட்டரில் உள்ள குல்தாராவுக்குப் போனோம். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுச் சென்ற கிராமம் அது. கூரையில்லாத கல்வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன. கொடிய திவான் ஒருவனுக்குப் பயந்து ஒரே இரவில் ஊரைக் காலி செய்தார்கள் என்பது கர்ண பரம்பரை. தண்ணீர் வற்றியது, பூகம்பம் வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் பலவாறு சொல்கிறார்கள். பேய்கள் உலாவுவதாகவும் பிரசித்தி. டிக்கெட் வாங்கிக்கொண்டு பகலில் வருகிறவர்களுக்கு அவை தரிசனம் தருவதில்லை போலும்.

பேய்களைக் காட்டிலும் பெரிய அதிசயம் ஒன்று தார் ரோட்டை விட்டு இறங்கி, காபா என்னும் ஊரை நோக்கிச் செல்லும் வழியில் எங்களுக்குக் கிடைத்தது. நாற்புறமும் காய்ந்த கற்றரை. நடுவில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கோதுமைப் பயிர்! கிணறு இல்லை, பம்பு இல்லை, வாய்க்கால் இல்லை. அங்கே வருஷம் முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. குளிர்காலத்தில் அதுவும் அநேகமாகக் கிடையாது. பின் எப்படி விளைகிறது?

இதற்குக் ‘கடீன்’ என்று பெயர். பாலிவாலர்கள் வகுத்த முறை என்பார்கள். கற்பாங்கான சரிவில் விழும் மழை பூமியில் இறங்காமல் ஓடிவிடும். அப்படி ஓடிவரும் நீரைச் சரிவின் அடியில் நீண்ட மண்கரை போட்டுத் தடுத்துவிடுகிறார்கள். ஆவணி, புரட்டாசியில் அது ஓர் ஏரி. நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கி மறைந்த பிறகு, அந்த ஈரத்தில் கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். அதன் பிறகு ஒரு சொட்டு நீர் பாய்ச்சுவதில்லை. ஒரு காணி பயிருக்கு ஏறக்குறைய 15 காணிச் சரிவின் தண்ணீர் வேண்டும். அதாவது, வெறுந்தரை என்று நாம் நினைக்கும் 15 பங்கும் அந்தக் குடியானவனுடைய வயலில் சேர்ந்ததுதான்.

அந்தச் சரிவின் குறுக்கே போனால் வழி பாதியாகக் குறையும் என்று பையன் சுட்டிக் காட்டினான். கைபேசியிலுள்ள வரைபடத்திலும் அவ்விடம் ஒன்றும் இல்லாத வெள்ளையாகத்தான் இருந்தது. சாரதி வண்டியை நிறுத்தினார்.

“பேட்டா, அது காலியிடமல்ல, ‘ஆகோர்’. தண்ணீர் நடந்து வரும் வழி. வண்டிச் சக்கரம் ஒரு பள்ளம் போட்டால், அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தோடு வேறு பக்கம் போய்விடும். ஆகோரில் நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்பதற்கே யோசிப்போம்” என்றார்.

ஒரு மைல் சுற்றிப் போனோம்.

மேலே ஓரிடத்தில் மரப்பலகையால் மூடிப் பூட்டிய குறுகிய வாய்க் கிணறு ஒன்றைக் கண்டோம். இதற்குக் ‘குயீ’ என்று பெயர். அப்பிரதேசத்தில் சில இடங்களில் மணலுக்கடியில் ஜிப்ஸம் கலந்த இறுகிய படலம் இருக்கிறது. ஆழத்திலுள்ள உப்பு நீரோடு மழைநீர் கலந்துவிடாமல் அது காக்கிறது. மணலில் தங்கிய அந்த ஈரம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து குயீயில் சேர்கிறது. ஒரு நாளில் இரண்டு மூன்று குடம். என் மனைவி தன் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

அப்பால் ‘சேவண்’ புல் வளர்ந்த சமவெளி. 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவன தேசியப் பூங்காவைச் சேர்ந்த பூமி. கானமயிலுக்கு இது வீடு. சுமார் 15 கிலோ வரை எடையுள்ள அந்தப் பறவை, வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே முட்டை இடும். உலகில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. நேரே எதிரிலுள்ளது அதற்குச் சரியாகத் தெரியாதாம். மின்சாரக் கம்பிகளில் மோதி மடிகிறது. எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. கம்பிகள் மட்டும் நிறையப் பட்டன.

சாயங்காலம் ஸம் மணற்குன்றுகளுக்கு வந்து சேர்ந்தோம். சாரதி கீழே இறங்கி, நான்கு டயர்களிலும் 30 பவுண்டு இருந்த காற்றை 18-க்கு இறக்கினார். காற்றுக் குறைந்தால் டயர் தட்டையாகிப் பாரம் பரவும், சக்கரம் புதையாது. ஒட்டகத்தின் அகன்ற பாதமும் அதே யுக்திதான். பிறகு பையனைப் பார்த்து, “இப்போது எங்கே வேண்டுமானாலும் சொல்! இங்கே போட்ட தடத்தைக் காற்று காலைக்குள் அழித்துவிடும். கற்றரையில் போட்ட தடம் என் பேரன் காலத்திலும் இருக்கும்” என்றார்.

நான்கு சக்கரங்களும் இழுக்க, ஜீப் குன்றின் மேல் உறுமிக்கொண்டு ஏறியது. உச்சியில் ஒரு கணம் வானம் மட்டுமே தெரிந்தது. அடுத்த கணம் வயிறு தொண்டைக்கு வர, மறுபக்கம் சறுக்கி இறங்கினோம். “இன்னொரு தடவை!” என்று கூவியவள் என் மனைவி.

இரவு, கூடாரத்தின் முன் கணப்புப் போட்டு, கம்பு ரொட்டியும் ‘கேர்-சாங்க்ரி’ என்னும் கறியும் பரிமாறினார்கள். சாங்க்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். அந்த மரம் வேறொன்றுமல்ல. நம் கோயில்களில் பிரதட்சிணம் செய்கிறோமே, அதே வன்னி மரந்தான். “வன்னிக் காயைச் சாப்பிடலாமென்று ஊரில் யாரும் சொல்லவில்லையே, அப்பா!” என்று சொல்லிக்கொண்டே என் புதல்வி மூன்றாவது ரொட்டியை எடுத்தாள். பையன் கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு, கையிலிருந்த குச்சியால் மணலில் ஒரு சரிவும் கரையும் வரைந்து, மதகு எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று சாரதியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.