கணக்கியலிலிருந்து உளவியலுக்கு: கம்பாருக்கு ஒரு பயணம்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரோட்டினால் கம்பார் வந்துவிடும். ஈடிஎஸ் ரயிலிலும் ஏறக்குறைய அதே நேரம்தான். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். ஊரைச் சுற்றிலும் ஏரிகள். பார்க்க அழகான அந்த ஏரிகளில் பெரும்பாலானவை ஈயத்துக்காக மனிதர்கள் தோண்டிய குழிகள். 1985இல் ஈய விலை சரிந்தது. சுரங்கங்கள் மூடின. இளையோர் வேலை தேடி வெளியூர் போனார்கள். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2007இல் இங்கே வளாகம் திறந்த பிறகுதான் ஊரில் மறுபடியும் இளைஞர் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் இப்போது என் அக்கா மகளும் ஒருத்தி. அண்மையில் அவளையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு நான்தான் கம்பாருக்குப் போனேன்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்று செமஸ்டர் கணக்கியல் படித்தவள் அவள். மதிப்பெண்ணில் குறையே இல்லை. ஆனாலும் ஒருநாள், "சின்னம்மா, எனக்கு சைக்காலஜிதான் படிக்கணும்" என்றாள். வீட்டில் பூகம்பம்.

"பைத்தியக்காரங்களோட போய் உட்காரவா உன்னைப் படிக்க வச்சேன்? நாளைக்கு யார் பெண் கேட்டு வருவா?" என்றார் அக்கா.

அக்காவை மட்டும் குறை சொல்ல முடியாது. சேட்டை செய்யும் பிள்ளையைக்கூட, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று திட்டி வளர்த்த சமூகம்தானே நாம்!

பணக்கவலையும் இருந்தது. நம் நாட்டில் ஒரு பாடத்தின் கிரெடிட்டைப் புதிய கல்லூரிக்குக் கொண்டுபோக, பொதுவாக அதில் குறைந்தது சி கிரேடு வேண்டும். இரு பாடங்களின் உள்ளடக்கமும் 80 விழுக்காடாவது பொருந்த வேண்டும். கணக்கியலுக்கும் உளவியலுக்கும் எங்கே பொருந்தும்? அவளுக்குப் புள்ளியியலும் சில பொதுப் பாடங்களும் மட்டுமே தேறின. மற்றவை போயின. அக்கா பழைய ரசீதுகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கூட்டலைச் சரிபார்த்துக் கொடுத்தாள்.

கம்பார் போகும் வழியில் நானும் அவளிடம் கண்டிப்பாகவே பேசினேன். இளங்கலைப் பட்டம் வாங்கியதும் யாரும் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு முதுகலையும் வேண்டும். ஆலோசகராக வேலை செய்ய, 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு வேண்டும். "தெரியும் சின்னம்மா. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்றாள். பின் இருக்கையில் அக்கா வாய் திறக்கவில்லை.

கம்பாருக்குப் போய்க் கோழிக்கறி ரொட்டி சாப்பிடாமல் வரலாமா? தலையணை மாதிரி ஒரு பெரிய ரொட்டி. பிய்த்தால் உள்ளே கறி. மூவரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டோம். பிறகு வாடகை அறை. அக்கா சன்னல் கம்பியை அசைத்துப் பார்த்தார். கதவுப் பூட்டை இரண்டு முறை திறந்து மூடினார். அறைத் தோழியான சீனப் பெண் ஓடிவந்து அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள். கிளம்பும்போது அக்கா மகளிடம் சொன்னது ஒன்றுதான்: "நேரத்துக்குச் சாப்பிடு."

அன்றிரவு உறவினர் வீட்டில் தங்க ஈப்போவைத் தாண்டிப் போனோம். வழியில் தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. திட்டுவதற்கு அந்த ஊர்ப்பெயரை எத்தனையோ முறை சொன்ன அக்கா, அந்த இடத்தைப் பார்த்தது அன்றுதான். மரங்கள், அமைதியான கட்டடங்கள், யாரையோ பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு குடும்பம்.

எனக்கு என் வானொலி நேயர்கள் நினைவுக்கு வந்தார்கள். இரவு நிகழ்ச்சிக்கு அழைத்துப் பாட்டு கேட்பார்கள். பாட்டைச் சொன்ன பிறகும் போனை வைக்க மாட்டார்கள். "தூக்கமே வரல, யார்கிட்டயும் சொல்லல" என்று மெல்ல ஆரம்பிப்பார்கள். என்னால் கேட்க முடியும். ஆனால் மணியடித்தால் செய்திக்கு வழிவிட வேண்டும். அதற்கு மேல் அவர்கள் பேச, முறையாகப் படித்தவர்கள் வேண்டும். தமிழில் பேசத் தெரிந்தவர்களும் வேண்டும்.

இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவரே கேட்டார்: "உள்ளே நம்ம ஆளுங்களும் இருப்பாங்கல்ல? அவங்ககிட்ட தமிழ்ல யார் பேசுவாங்க?"

கொஞ்ச நேரம் கழித்து மகளுக்குப் போன் போட்டார். சாப்பிட்டாளா, விசிறி வேலை செய்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"அந்த முதுகலைக்கு எத்தனை வருஷம்னு சொன்ன?"