குப்பையும் கேள்விக்குறியும்

ஆயாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, அவங்க சொன்ன கதைகளைச் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்க நினைத்தேன். அரியாங்குப்பம் வீட்டில், என் பழைய லினக்ஸ் லேப்டாப்பில், விம் எடிட்டரில் ஐந்து வருஷமாகத் தட்டி வைத்தவை. பிரிண்டர் சித்தி வீட்டில். அங்கே இருந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் விம் இருந்தது. பென்டிரைவைச் செருகித் திறந்தேன்.

தமிழே இல்லை. தலையில் கீறல் போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', திரை முழுக்க.

"வைரஸாண்ணே?" என்றான் தம்பி.

ஃபான்ட் பிரச்சினை என்று நினைத்தேன். அதே நினைப்பில் அடுத்ததையும் செய்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி ஆயா பேசியதைச் சித்தி ஃபோனில் தட்டி, தனக்கே வாட்ஸப்பில் அனுப்பி வைத்திருந்தாங்க. அதை கம்ப்யூட்டரில் திறந்து, காப்பி பண்ணி விம்மில் ஒட்டினேன். வரிசையாகக் கேள்விக்குறிகள். ஃபான்ட் மாற்றினால் வந்துவிடும் என்று சேமித்து மூடினேன். "அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே" என்று, நிறைந்துபோன சித்தி ஃபோனைத் தம்பி சுத்தம் செய்தான்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது எண்தான். யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்பது மூன்று பைட். என் லினக்ஸில் விம் அதைத் தானாக எடுத்துக்கொண்டது, இயங்குதளத்தின் மொழி அமைப்பைப் பார்த்து. விம்முக்குத் தமிழ் தெரியும் என்று நானும் நம்பிவிட்டேன். சித்தி வீட்டு விம்மோ மேற்கு ஐரோப்பிய எழுத்துகளை எதிர்பார்த்தது. பழைய கோப்பின் மூன்று பைட்டையும் மூன்று லத்தீன் குறிகளாகக் காட்டியது, பைட்டுகளைத் தொடவில்லை. புதிதாக ஒட்டிய தமிழுக்கு அங்கே இடமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்து, அதையே சேமித்தது.

குப்பையாகத் தெரிந்தது பத்திரமாக இருந்தது. கேள்விக்குறியாகத் தெரிந்ததற்குள் ஒன்றுமே இல்லை.

யாரைக் குற்றம் சொல்ல? பிராம் மூலேனார் விம்மை அமிகா கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது 1991ல். தமிழைச் சேர்த்துக்கொண்ட யூனிகோடின் முதல் பதிப்பு வந்ததும் அதே வருஷம்தான். நம் விருப்பங்களைச் சொல்ல லினக்ஸில் '.விம்ஆர்சி' கோப்பு, விண்டோஸில் '_விம்ஆர்சி'. பழைய டாஸில் புள்ளியில் தொடங்கும் பெயர் கூடாது, அதனால் அடிக்கோடு. சொந்தக் கோப்பு இல்லாதவர்களுக்காக 2016ல் வந்த விம் 8 ஒரு 'டிஃபால்ட்ஸ்.விம்' வைத்திருக்கிறது. நிறம், மவுஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும். என்ன மொழியில் எழுதுவாய் என்று கேட்காது. அதை நாம்தான் சொல்லணும். ஒரே வரி: 'செட் என்கோடிங்=யூடிஎஃப்-8'. இப்போது இரண்டு கம்ப்யூட்டரிலும் அதுதான் முதல் வரி.

புத்தகம் வந்தது, கடைசிப் பக்கம் இல்லாமல். சித்தியிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"மழை விட்டதும் அரிக்கமேட்டுல மணி பொறுக்கப் போனதப் பத்தி ஏதோ சொன்னாங்கடா. எழுதிட்டோமேன்னு நான் மனசுல வச்சிக்கல."

அந்த அரிக்கமேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் யாரோ கீறிய தமிழ் எழுத்தை, ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது.

அந்தக் கேள்விக்குறிக் கோப்பை நான் இன்னும் அழிக்கவில்லை.