அப்பாவின் ஓப்பனிங் பேலன்ஸ்

அப்பாவுக்கு அக்கி வந்தது ஒரு புதன்கிழமை. வலது மார்பில் ஆரம்பித்து முதுகு வரை, பாதி பெல்ட் மாட்டிவிட்டதுபோலக் கொப்புளங்கள். ''நெருப்புக் கங்கை வெச்சுத் தேய்க்கிற மாதிரி இருக்குடா'' என்றார். வலி என்று வாய் திறக்காத மனிதர். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

''வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அக்கி எழுதினா ஆறிடும்'' என்றாள் அம்மா. கிராமத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மண்பாண்டம் செய்கிறவர் காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் எழுதிவிடுவார். வியாழக்கிழமை அதில் போயிற்று. குளுகுளுவென்றுதான் இருந்ததாம். ஆனால், ராத்திரி முழுக்க அப்பா தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரிடம் போனோம். ''சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?'' என்று கேட்டார். போட்டிருக்கிறது. அந்த அம்மை வைரஸ் உடம்பை விட்டுப் போவதே இல்லையாம். நரம்புக்குள் ஒளிந்துகொண்டு, வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது அக்கியாக எழுந்து வருமாம். அறுபது வருடத்துக்கு முன் போட்ட டெபாசிட் வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது!

''நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க. 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரையை ஆரம்பிச்சாதான் நல்ல பலன்'' என்றபடி எழுதினார். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள்.

எழுதும்போதே, ''வேற ஏதாவது தொந்தரவு உண்டா?'' என்று கேட்டார்.

''சுகர் மட்டும்தான் சார்'' என்று முந்திக்கொண்டு சொன்னது நான்தான். இந்த ஒரு வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம்! 35 மாத்திரை என்றதும் கை பரபரத்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டேன். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு டிக். ஒரு வேளை விட்டுப்போனால்? ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மருந்துக் கடைக்காரரிடம் கேட்டு அதையும் ஓரத்தில் எழுதிவைத்தேன். ஆடிட்டர் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

ஞாயிறு இரவு 13-வது டிக் போட்டேன்.

பதினோரு மணி இருக்கும். ''அந்த மூலையில உட்கார்ந்திருக்காரே, அவருக்குக் காபி குடுத்தியா?'' என்றார் அப்பா. மூலையில் அரிசி மூட்டைதான் இருந்தது. அம்மாவைப் பார்த்து, எப்போதோ செத்துப்போன பாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மா திருநீறு எடுத்து வந்தாள். எனக்கோ, வைரஸ் மூளைக்கு ஏறிவிட்டது என்று பயம். இனி இவர் நம் அப்பாவாகத் திரும்பி வருவாரா என்று அந்த ராத்திரி நான் நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை.

விடிவதற்குள் பெரிய ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: ''பழைய ரிப்போர்ட் எதுவும் இருக்கா?''

வீட்டுக்கு ஓடி, பீரோவுக்கு அடியில் கிடந்த மஞ்சப்பையை எடுத்து வந்தேன். எட்டு மாதத்துக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனை அதில் இருந்தது. கிரியேட்டினின் 2.6. அதாவது, சிறுநீரகம் பாதிக்குமேல் ஓய்ந்துவிட்டது. 'உப்பைக் குறைங்க' என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். உப்பைக் குறைத்தோம். மற்றதை மறந்துவிட்டோம்.

''இந்த மாத்திரை உடம்பை விட்டு வெளியே போறது கிட்னி வழியாதான். வாசல் பாதி மூடியிருந்தா மருந்து உள்ளேயே தேங்கும். தேங்கினா தலைக்கு ஏறி இப்படிப் பேச வைக்கும். இவருக்கு 5 வேளை கிடையாது. 3 வேளைதான் குடுத்திருக்கணும்'' என்றார் டாக்டர். ''வேற ஏதாவது மாத்திரை?''

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ''வலி தாங்க முடியலேன்னு சொன்னார். கடையில வாங்கி, தினம் ரெண்டு வலி மாத்திரை குடுத்தேன்.'' அது என் கட்டத்தில் இல்லை! பலவீனமான சிறுநீரகத்தை வலி மாத்திரை இன்னும் கெடுக்குமாம். அன்றைய கிரியேட்டினின் 4.1.

மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் அப்பா என்னைப் பார்த்து, ''ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டியா?'' என்று கேட்டார். வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

அந்த மாத்திரை மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதன் கதையைப் படித்தபோது போய்விட்டது. ஜெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் குழுவில் உருவானது. பெண் என்பதால் ஆராய்ச்சிக்கூட வேலை கிடைக்காமல், ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் வேலைகூடப் பார்த்தவர். டாக்டர் பட்டம் முடிக்காமலே 1988-ல் நோபல் பரிசு வாங்கினார். நல்ல செல்லுக்குள் போனால் அசைக்ளோவிர் சும்மா இருக்கும். வைரஸ் புகுந்த செல்லில், அந்த வைரஸின் என்சைமே அதை முடுக்கிவிட, வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். எவ்வளவு கெட்டிக்கார மாத்திரை! ஆனால், மஞ்சப்பைக்குள் இருக்கும் காகிதம் அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் நான்.

அதனால், உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த மாத்திரை எழுதினால், கேட்பதற்கு முன்பே சிறுநீரகக் கதையைச் சொல்லிவிடுங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், கைவைத்தியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொதுவாக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால், தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். பேச்சு குழறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மிச்சம் 22 மாத்திரை. எதிர் வீட்டு அக்கா வந்து, ''மருமகளுக்கு அம்மை போட்டிருக்கு. அதே மாத்திரைதானாமே, குடேன்'' என்றார். மருமகள் மாசமாக இருந்தாள். ''மாத்திரை தர மாட்டேன்க்கா. டாக்டர்கிட்ட கார்ல கூட்டிட்டுப் போறேன், இப்பவே கிளம்புங்க'' என்றேன். முகம் கொஞ்சம் சுண்டியது. ஆனாலும் வந்தார்.

கூட்டுறவுச் சங்கத்தில் 34 வருடம் கணக்கு எழுதியவர் அப்பா. வீடு திரும்பியதும் என் காலண்டர் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். பதின்மூன்று டிக்கையும் விரலால் எண்ணினார்.

''எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க'' என்றார். ''ஓப்பனிங் பேலன்ஸை விட்டுட்டியேடா!''

இப்போது அவர் சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. கிரியேட்டினின் எவ்வளவு, என்னென்ன மாத்திரை என்று அவரே எழுதியது. எந்த டாக்டரைப் பார்த்தாலும், உட்காருவதற்கு முன்பே நீட்டிவிடுகிறார். போன வாரம் பல் டாக்டரிடமும் நீட்டினார். நான் வாயே திறக்கவில்லை.