கேளாமல் எடுத்த ஆயுதங்கள்

ஞாயிறு மாலைகளில் திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு மொட்டைமாடியில் நாங்கள் ஐவர் கூடுகிறோம். நாற்பதைக் கடந்தவர்கள் பகடை உருட்டுவதைக் கண்ட அக்கம்பக்கத்தார் முதலில் சூதாட்டம் என்றே எண்ணினர். நாங்கள் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம். ஒருவர் கதை நடத்துவார்; மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவர்; வீச்சு பட்டதா தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். சுருங்கச் சொன்னால், பார்வையாளர் இல்லாத கூத்து.

இதில் ஒரு விதி எங்களை நெடுநாள் உறுத்தியது. ஆயுதமல்லாத பொருளை எடுத்து அடித்தால் சேதம் எவ்வளவு? 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, அப்பொருள் ஏதேனும் ஆயுதத்தை ஒத்திருந்தால் அந்த ஆயுதத்தின் கணக்கு. இல்லையேல் எதுவாயினும் நான்முகப் பகடை ஒன்று. அதாவது அம்மிக்குழவிக்கும் முறத்துக்கும் ஒரே அடி. மதுரைச் சீமையில் பிறந்தவர் இதை எப்படி ஏற்பது?

ஆகவே நாங்களே எழுதினோம். உலக்கை இருகை ஆயுதம். நுனியில் பூண் இருப்பதால் எண்முகப் பகடை. தாழ்ந்த கூரையின் கீழ் ஓங்க இயலாது. அம்மிக்குழவிக்கு அறுமுகம், எறிதூரம் 10 அடியே. முறம் அடிக்காது, ஒரு வீச்சைத் தடுத்துவிட்டுக் கிழியும், தவிடு இருந்தால் எதிரியின் கண்ணை மறைக்கும். அரிவாள்மணை கூரியதுதான், ஆனால் பலகையோடு தூக்கிச் சுழற்றுகையில் 1 விழுந்தால் சுழற்றியவர் கையே அறுபடும். பழகப் பழகக் கருவி ஆயுதமாகும் என்றும் ஒரு விதி வைத்தோம். கலப்பையும் உலக்கையும் ஏந்திய பலராமனை ஏதோ கைக்குக் கிடைத்ததை எடுத்தவன் என்று சொல்லிவிட முடியுமா?

விதிகள் நன்றாகவே ஓடின. ஒருநாள் கதையில் கொள்ளையர் புகுந்த கிராமத்தை வீட்டுச் சாமான்களைக் கொண்டே காத்து, களித்தோம். கதை நடத்திய நண்பர் மட்டும் சிரிக்கவில்லை. "உலக்கை பிளந்துவிட்டது. நாளை அந்த வீட்டில் எதைக் கொண்டு குத்துவார்கள்?" என்றார்.

அவர் கேட்டதன் பொருள் எங்களுக்கு விளங்கியது. ஐப்பசியில் சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் சிறுவர்களாகிய நாங்கள் அதைத் தெருவில் மீண்டும் நடத்துவோம். மாங்கிளை பிடித்தவன் சூரன். வீரபாகுவின் படைக்கு மூங்கில் சிம்பு வில். அம்பு துடைப்பத்து ஈர்க்கு. அப்படியொரு மாலையில் ஓர் ஈர்க்கு அவருடைய வலக்கண்ணில் தைத்தது. பார்வை பாதிதான் திரும்பியது. எய்தது எங்களில் யார் என்பதை நாங்கள் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஈர்க்கு உருவிய வீட்டு அம்மா அந்தத் துடைப்பத்தை மறுபடி தொடவில்லை. புதிது வாங்கும் வரை வேப்பங்குழையால் வாசல் பெருக்கினார்.

இக்கோயிலில் மூலவர் மலையைக் குடைந்து செதுக்கப்பட்டவர். ஆதலால் அபிஷேகம் அவருக்கில்லை, வேலுக்கே. அந்த வேல் அன்னை மகனுக்குத் தன் கையால் கொடுத்தது. எங்கள் ஆயுதங்களோ அன்னையரிடம் கேளாமல் எடுத்தவை. எந்த அட்டவணையிலும் நாங்கள் குறிக்க மறந்த வேறுபாடு அதுதான்.

நண்பர் சொன்னபடி கடைசி விதியைச் சேர்த்தோம். ஒரு பொருளை ஆயுதமாக எடுக்குமுன் அது யாருடையது என்று சொல்ல வேண்டும். சண்டை முடிந்ததும் அதை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் காட்சியையும் ஆடியாக வேண்டும். உடைந்திருந்தால் உடைந்ததையே கொண்டுபோக வேண்டும்.

அதன்பின் எங்கள் சண்டைகள் சுருங்கிவிட்டன. திருப்பிக் கொடுப்பது நீள்கிறது. சென்ற வாரம் எங்களில் ஒருவர் கதைக்குள் ஒரு கிழவியிடம் உலக்கையை நீட்டினார். கிழவியாகப் பேசியவர் அந்த நண்பர்தான். வாங்கிப் பூணைத் தடவிப் பார்ப்பவர்போலக் கையை அசைத்து, ஒன்றே ஒன்று கேட்டார்: "கழுவிட்டியாய்யா?"

அதற்கு உருட்ட எங்களிடம் பகடை ஏதுமில்லை.