தயிர்ச் சட்டி சுமக்கும் தபால் பைக்

விடியப்புறம் நாலரை மணிக்கு எங்கள் வளவில் முதலில் கேட்பது சேவல் கூவுவதல்ல, கிக்கர் அடிக்கும் சத்தம்தான். மூன்றாவது அடியில் என் எம்.டி.90 உயிர் பெறும். அதை அப்படியே ஓடவிட்டு, பின்பக்கச் சட்டங்களில் தயிர்ச் சட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்குவேன். ஐந்து மணிக்கு மூதூர் நோக்கிய பயணம் தொடங்கும்.

வெருகல் என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஆற்றங்கரையில் இருக்கும் சித்திர வேலாயுத சுவாமி கோயில்தான். ஆவணித் திருவிழாவுக்கு மட்டக்களப்புப் பக்கமிருந்து நடந்தே வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மகாவலி கங்கையின் ஒரு கிளைதான் எங்கள் வெருகல் ஆறு. திருகோணமலை மாவட்டம் இந்த ஆற்றோடு முடிகிறது. அக்கரை வாகரை, மட்டக்களப்பு மாவட்டம். முன்பு ஆற்றைக் கடக்கப் 'பாதை'தான் இருந்தது. கம்பியைப் பிடித்து இழுத்து, மாடும் மனிதரும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாகக் கடந்த காலம் அது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து எங்கள் ஆற்றுக்கும் பாலம் வந்தது. பெரிய வீதி இப்போது நல்ல வீதி. ஆனால் தயிர் பெரிய வீதியில் கிடைப்பதில்லை. மாட்டுப்பட்டிகள் உள்ளே இருக்கின்றன. பூநகர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து உள்வழிகளில் மாரியில் சேறு, கோடையில் மணல். அங்கே போய் வர ஏற்றபடி வண்டியை மாற்றிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த வண்டியை என் கணவர் 1999இல் பழையதாக வாங்கினார். ஜப்பானில் தபால்காரருக்கென்று ஹொண்டா செய்த சிவப்பு வண்டி இது. 1958இல் வந்த ஹொண்டா கப் வண்டியின் வழிவந்தது. அந்தக் கப் வகை 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடியைத் தாண்டி விற்றது என்றால் அதன் உழைப்பைப் பாருங்கள். இடது கையில் கிளச் கிடையாது. காலால் கியரை மாற்றினால் போதும். செயினை முழுவதும் மூடிய பெட்டி இருப்பதால் சேலை சிக்காது, மணலும் ஏறாது. பெண்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும்.

வாங்கிய காலத்தில் எங்கள் பகுதிக்குப் பெற்றோல் வருவது குதிரைக்கொம்பு. வடகிழக்கில் எல்லாரும் செய்ததைத்தான் அவரும் செய்தார்: மண்ணெண்ணெயில் ஓட்டினார். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே இயந்திரம் சூடாகாமல் அதில் பிடிக்காது. சேலைன் குழாய் பொருத்திய சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். அதைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை ஊரையே மூடும். பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத எண்ணெய் கீழே இறங்கி இயந்திர ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். அதனால் அவர் அடிக்கடி பிளக்கைக் கழற்றிச் சுரண்டுவார், ஒயில் மாற்றுவார். நான் பக்கத்தில் அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்தே பாதி வேலை பழகியிருக்கிறேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

2006 ஆவணியில் மாவிலாற்றுச் சண்டையோடு ஊரே எழும்பி வாகரைக்குப் போனது. தாங்கிக்குள் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாததால் வண்டியைக் கிணற்றடியில் கிடுகு போட்டு மூடிவிட்டுப் போனோம். 2007 தையில் வாகரையை விட்டுச் சனங்கள் வெளியேறிய நாட்களில், தாயைக் கூட்டி வருகிறேன் என்று போன என் கணவர் இன்றுவரை திரும்பவில்லை. மகளுக்கு அப்போது மூன்றரை வயது.

அந்த வருட நடுப்பகுதியில் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரையில்லை. கிணற்றடியில் வண்டி இருந்தது. சக்கரத்தைச் சுற்றிக் கறையான் புற்று. சீற்றை எலி தின்றிருந்தது. இடம்பெயர்ந்த காலமெல்லாம் என் பையில் இருந்தவை மூன்று: அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அந்த வண்டியின் பதிவுப் புத்தகம்.

பழைய இரும்புக்குக் கொடுக்கச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. கராஜ் வைத்திருந்த ஒரு பெரியவர், "புள்ள, இஞ்சின் இறுகல்ல. நீயே கழட்டு, நான் சொல்லித் தாறன்" என்றார். பிளக் துளைக்குள் ஒயில் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தோம். மூன்றாம் நாள் கிக்கர் அசைந்தது. அன்று நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

வண்டி ஓடியது, தொழில் ஓடவில்லை. முதல் செய்த காரியர் ஒரு பக்கம் மட்டும் ஒட்டுப் போட்டது. கங்குவேலிப் பக்கம் ஒரு குழியில் ஒட்டு விட்டு, பன்னிரண்டு சட்டிகளும் வீதியில் சிதறின. ஒரு வாரத்து உழைப்பு அது. அன்று இரண்டு பாடம் படித்தேன். ஓயாமல் அதிரும் வண்டியில் பாரம் ஒட்டில் நிற்கக்கூடாது. வண்டியில் ஏற்கனவே இருக்கிற துளைகளில் நட்டுப் பூட்டி நிற்க வேண்டும். சட்டத்தைச் சூடாக்கி ஒட்டினால் ஒட்டின் ஓரத்தில் இரும்பு பலமிழக்கும். மற்றது, பாரம் உயரத்திலும் பின்னுக்கும் போகக்கூடாது. எவ்வளவுக்குத் தாழ்ந்து, ஓட்டுகிறவருக்குக் கிட்ட இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி சொற்கேட்கும். இப்போது இரண்டு பக்கமும் தாழ்வாக இரும்புச் சட்டம், அதற்குள் தென்னந்தும்புத் திருகணை, மேலே பழைய டியூபில் வெட்டிய பட்டி. சட்டி உடைந்து கனகாலமாகிறது.

எல்ஸ்பெத் பியர்ட் என்ற லண்டன் பெண்ணைப் பற்றிப் பின்னாளில் வாசித்தேன். கட்டடக்கலை மாணவி. 1982இல், 23 வயதில், பழைய பி.எம்.டபிள்யூ வண்டியொன்றில் தனியாக உலகம் சுற்றப் புறப்பட்டு 1984இல் வீடு திரும்பியவர். வழியில் சிட்னியில் தங்கி வேலை செய்தபோது, அலுமினியத் தகட்டை மடித்து ரிவெட் அடித்துத் தன் சாமான் பெட்டிகளைத் தானே செய்துகொண்டாராம். அவர் உலகத்தைச் சுற்றினார், நான் மூதூருக்குப் போகிறேன். ஆனால் பாரம் எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு இருவருக்கும் ஒன்றுதான்.

வேறு மாற்றங்களும் செய்தேன். முன் மட்காட்டுக்கும் டயருக்கும் இடையில் சேறு இறுகிச் சக்கரம் நின்றுவிடும். மட்காட்டை இரண்டு விரல் உயர்த்தினேன். வெட்டு ஆழமான டயர் போட்டேன். இயந்திரத்தின் அடியில் கல் படாமல் தடித்த தகடு ஒன்று பூட்டினேன். சைலன்சரின் வாயை மேல்நோக்கித் திருப்பினேன். இவை எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. தயிர் விற்ற காசில், ஒவ்வொரு மாரிக்கும் ஒன்றாக நடந்தன.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 கார்த்திகைக் கடைசியில் திட்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் ஊர்கள் தண்ணீரில் நின்றன. என் வண்டியும் மூழ்கியது. மூழ்கிய வண்டிக்கு உடனே கிக்கர் அடிக்கவே கூடாது, சகோதரிகளே. உள்ளே தண்ணீர் இருந்தால் அது அமுங்காது; உட்பாகம்தான் வளையும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு மெதுவாகக் கிக்கரை அமத்தினால் அந்தத் துளையால் தண்ணீர் பாயும். ஒயிலைப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது; முழுவதும் இறக்கிப் புதிது விட வேண்டும். ஏயார் பில்டரையும் காபரேட்டரையும் காயவைத்த பிறகே ஸ்டார்ட் பண்ண வேண்டும். அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் ஆறு வண்டிகளை நான் எழுப்பினேன். கூலி கேட்கவில்லை, சோறு வந்தது.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றது. கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கியபோது, இளம்பொடியன்கள் வந்து, "அக்கா, மண்ணெண்ணெயில ஓட்டுறது எப்படி?" என்று கேட்டார்கள். அன்று மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை என்பது வேறு கதை. "இஞ்சினைக் கொல்லாதீங்க தம்பி" என்று சொல்லி, காற்றுக் குறையாத டயரும் எண்ணெய் காணும் செயினும் எவ்வளவு பெற்றோலை மிச்சம் பிடிக்கும் என்று காட்டிக்கொடுத்தேன்.

இனி மனதில் கிடந்த விடயம். 2018இல் ஒருவர் நல்ல விலைக்கு வண்டியைக் கேட்டார். பதிவு கணவர் பெயரில் இருக்கிறது. "மரணச் சான்றிதழ் எடுத்தால் பெயர் மாத்திறது லேசு" என்றார். அன்றிரவு நித்திரையில்லை. காசு தேவைதான், மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஆனால் இறந்தார் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன்? 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, காணாமற்போனவர் என்று கூறும் சான்றிதழ் ஒன்றைப் பதிவாளர் நாயகம் திணைக்களம் வழங்குகிறது என்பதைப் பிறகு அறிந்தேன். மரணம் என்று எழுதாமலே குடும்ப அலுவல்கள் சிலவற்றைப் பார்க்க அது உதவும். நான் அதையே எடுத்தேன். என்னைப் போன்ற சகோதரிகள் தங்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பாருங்கள். யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக ஒப்பமிட வேண்டாம்.

வண்டியை விற்கவில்லை. 100 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கான ஏ1 அனுமதிப்பத்திரம் எனக்கு இருக்கிறது. போன மாதம் மகளும் எடுத்துவிட்டாள். இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது எங்கள் வீட்டுக் கணக்கு. நேற்று மாலை அது அவள் முறை. இருட்டிவிட்டது. அவள் கிணற்றடியில் குந்தியிருந்து நட்டைக் கழற்ற, நான் பக்கத்தில் நின்று டோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.