கடலுக்கடியில் ஒரு கணக்கெடுப்பு

நான் சுன்னாகம் சந்தைக்குக் கிட்டப் பிறந்து வளர்ந்தவள். மீனை எனக்குப் பெட்டியில்தான் தெரியும். கடல் வடக்கே பத்துக் கிலோமீற்றருக்குள் இருந்தாலும், அது நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்கு அப்பால் இருந்த கடல். உப்புத் தண்ணீரில் நான் முதன்முதலாகக் கால் வைத்தது 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது, கிளாலி நீரேரியில். இரவு, இயந்திரப் படகொன்றின் பின்னால் கட்டியிழுத்த வள்ளத்தில் அம்மாவின் மடியில் இருந்தேன். ஏழு வயது. அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

இப்படிப்பட்ட ஒருத்தியை, 2025ஆம் ஆண்டு மே மாதம், கடலுக்கடியில் முருகைக்கல்லைக் கணக்கெடுக்கும் தொண்டர் குழு ஒன்று தன்னோடு வரும்படி கேட்டது. கொழும்பிலிருந்து நான்கு பேர். கனடாவில் வளர்ந்த எங்கள் பிள்ளை ஒருத்தி. எல்லோரும் சொந்தச் செலவில் விடுமுறை எடுத்துக்கொண்டு சுழியோட வந்தவர்கள். நிலாவெளிப் பக்கம் கரையோரப் பெண்களோடு தமிழில் கதைக்கவும், படகில் இருந்து கணக்கை எழுதவும் இரண்டு பெண்கள் தேவை என்றார்கள். நான் ஓமென்றேன். இரண்டாவது ஆளாக எங்கள் சேமிப்புக் குழுவின் கணக்கப்பிள்ளை அக்காவைக் கேட்டேன்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். வலிகாமம் வடக்குக் கரையிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்து, சுன்னாகம் பக்கத்து நலன்புரி நிலையத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தவர். கணவர் சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடி. பருவத்துக்குப் பருவம் முல்லைத்தீவு, திருகோணமலை என்று போய்த் தொழில் செய்தவர். ஒரு நாள் ஆறு சிலிண்டர் இறங்கிவிட்டுக் கரைக்கு வந்தவர் படகிலிருந்து எழும்பவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பதினொரு வருடமாகச் சக்கர நாற்காலி. யுத்தத்தில் காலை இழந்தவருக்கு ஒரு பெயரும் ஒரு படிவமும் இருக்கின்றன. கடலில் காலை இழந்தவருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடைக்கவில்லை. இதை நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி அறிந்தேன்.

அக்கா முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். பிறகு கணவரே, “போயிட்டு வா, நான் இறங்கின கல்லுகளைப் பாத்துக்கொண்டு வா” என்று அனுப்பிவைத்தார்.

நிலாவெளியில் முதல் நாள் மாலை குழுவினர் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா சிலிண்டர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “நீங்கள் ஒரு நாளைக்கு எத்தினை சிலிண்டர் இறங்குவீங்கள்?”

“இரண்டு. அதுவும் ஆழமில்லாத இடத்தில். ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது மேலே இருப்போம்” என்றாள் கனடாப் பிள்ளை. கையில் கட்டியிருந்த மணிக்கூடு போன்ற கருவியைக் காட்டினாள். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எப்போது மேலே வரவேண்டும் என்று அது சொல்லுமாம். மேலே வரும்போது ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நின்றுவிட்டுத்தான் வருவார்களாம்.

அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

சோடாப் போத்தலின் மூடியைச் சட்டென்று திறந்தால் என்ன நடக்கிறதோ, அதுதான் சுழியோடியின் உடம்பிலும் நடக்கிறது. ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் தண்ணீரின் அழுத்தம் மேலும் ஒரு மடங்கு கூடுகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைந்துவிடுகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு வெளியேறும். அவசரமாக வந்தால், அல்லது திரும்பத் திரும்ப இறங்கினால், குமிழியாகி நரம்பையும் முள்ளந்தண்டையும் தாக்கும். எங்கள் ஊர்களில் இதை “வாதம் அடிச்சுப்போட்டுது” என்பார்கள். விதி என்றும் பேய்க்காற்று என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் கணவரோ மகனோ சிலிண்டர் போட்டு இறங்குபவராக இருந்தால், சகோதரிகளே, இதை வாசித்துக் காட்டுங்கள். மேலே வந்தபின் மூட்டு வலி, கால் விறைப்பு, சிறுநீர் போகாமை என்று எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், கடலில் இறங்கி வந்தவர் என்பதையும் சொல்லுங்கள். பொறுத்துப் பார்க்கக்கூடாது. அக்கா வீட்டில் இரண்டு நாள் எண்ணெய் பூசிப் பொறுத்துப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, புறாமலைக்கு வெளியே உள்ள ஒரு கல்லுக்குப் போனோம். கிழக்குக் கடல் மே மாதத்தில் குளம் மாதிரி இருக்கும். கணக்கெடுக்கும் முறை எனக்குப் புதிது. 1996இல் கிரெகர் ஹொட்ஜ்சன் என்ற கடலுயிரியல் அறிஞர் தொடங்கிய ‘ரீஃப் செக்’ அமைப்பின் முறை அது. விஞ்ஞானிகள் மட்டும் எண்ணினால் உலகத்து முருகைக்கற்களை எண்ணி முடியாது, பொழுதுபோக்குக்குச் சுழியோடுபவர்களுக்கும் பழக்கினால் முடியும் என்பது அவருடைய யோசனை. அடுத்த வருடமே 31 நாடுகளில் 300க்கு மேற்பட்ட பாறைகளைத் தொண்டர்கள் எண்ணிவிட்டார்கள்.

முறை மிக எளிது. கடலடியில் ஒரே ஆழத்தில் 100 மீற்றர் நாடாவை விரிப்பார்கள். விரித்தபின் கால் மணித்தியாலம் பேசாமல் விலகி நிற்பார்கள், பயந்த மீன்கள் திரும்பி வருவதற்காக. பிறகு இருபது இருபது மீற்றராக நான்கு துண்டு, இடையில் ஐந்து மீற்றர் விட்டு. நாடாவின் இருபுறமும் இரண்டரை மீற்றருக்குள் வரும் மீன்களை எண்ணுவார்கள். எல்லா மீனையும் எண்ணுவதில்லை. வண்ணாத்திமீன், கிளிமீன், 30 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கலவாய் போன்ற சிலவற்றைத்தான். பிறகு கடலட்டை, சிங்கி இறால், கடல் முள்ளி. கடைசியாக, ஒவ்வொரு அரை மீற்றருக்கும் நாடாவின் நேர் கீழே என்ன இருக்கிறது என்று பதிவார்கள்: உயிருள்ள முருகையா, அண்மையில் செத்ததா, வெறும் கல்லா, மணலா, பாசியா. மொத்தம் 160 புள்ளி. சந்தையில் விலைபோகும் உயிர்களை ஏன் தேடி எண்ணுகிறார்கள் என்று கேட்டேன். பெரிய கலவாயும் அட்டையும் இல்லையென்றால் மனிதர் அள்ளிவிட்டார்கள் என்று பொருள், வெள்ளையாய்ச் செத்திருந்தால் சூடு, பாசி மூடியிருந்தால் கழிவு என்று விளங்கப்படுத்தினார்கள். நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

அக்கா படகில் இருந்து, மேலே வரும் பலகைகளிலுள்ள எண்களைக் கொப்பியில் ஏற்றினார். சேமிப்புக் குழுவில் ஐந்து ரூபா பிசகவிடாத கை அது. படிவத்தில் மீன்களின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. படத்தைப் பார்த்துத் தெரிந்ததற்கு அவரே தமிழ்ப் பெயரை எழுதினார். தெரியாததற்குக் கைத்தொலைபேசியில் கணவருக்குப் படம் அனுப்பினார். சுன்னாகத்தில் நாற்காலியில் இருந்தபடி அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே மீனுக்குப் பருத்தித்துறையில் ஒன்று, குருநகரில் ஒன்று என்று இரண்டு பெயர். கொழும்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த மனிதரிடம் ஒருவர் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான்.

மதியம் சாப்பிடும்போது அக்கா கேட்டார்: “மீனை எண்ணினா மீன் வருமோ தங்கச்சி?”

சமூகவியல் படித்தவள் நான். படிவம் நிரப்புவதே என் தொழில். 2009க்குப் பிறகு எங்கள் பெண்களை எண்ணாதவர் யார்? முகாமில் எண்ணினார்கள், மீள்குடியேற்றத்தில் எண்ணினார்கள், பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று எண்ணினார்கள். எத்தனை கோழி, எத்தனை பிள்ளை, எத்தனை பேரைக் காணவில்லை. எண்ணியவர்கள் போனார்கள். என்ன எழுதினார்கள் என்று யாரும் திரும்பி வந்து வாசித்துக் காட்டவில்லை. நானும் அப்படி எண்ணிவிட்டுப் போனவள்தான். ஆகவே அக்காவுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

ஆனால் எண்ணாமல் விட்டதன் பலனும் எங்களுக்குத் தெரியும். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் முருகைக்கல் பெருமளவில் வெளுத்துச் செத்தது. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கமும் என்ன போயிற்று என்று இன்று சொல்ல முடிவதற்குக் காரணம், நாரா நிறுவன ஆய்வாளர்கள் முன்னும் பின்னும் இறங்கிப் பார்த்தது. எங்கள் வடகடலில் அப்போது யுத்தம். யார் இறங்குவது? 2016இலும் வெளுத்தது. 2024 ஏப்ரலில், உலகளாவிய வெளுப்பு நான்காவது முறையாக நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். முருகைக்கல் என்பது கல் அல்ல, சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடு. அந்த உயிரின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் கொடுத்துப் பெரும்பங்கு சோறும் போடுகிறது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தாலே பாசி வெளியேறிவிடும். வெள்ளையாய் நிற்கும் முருகை உடனே சாவதில்லை. பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கவும் கூடும்.

இரண்டாம் நாள் புறாமலைக்குப் போனோம். 1963இலேயே சரணாலயமாக்கப்பட்டு, 2003இல் தேசிய பூங்காவான சிறு தீவு. உயிர்காப்பு அங்கி, முகக்கண்ணாடி, வாயில் ஒரு குழாய். நான் இறங்கினேன். இறங்கியதும் மூச்சு முட்டியது. தண்ணீரால் அல்ல, கிளாலியால். கனடாப் பிள்ளை என் கையை விடவில்லை. முகத்தை உள்ளே வைத்தேன். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த முருகை, மஞ்சள் வண்ணாத்திமீன் சோடி, கல்லைக் கறுக்கு முறுக்கென்று கடிக்கும் கிளிமீன். அந்தச் சத்தம் உண்மையிலேயே கேட்கும். கல்லைத் தின்று அது வெளியே விடுவதும் மணல்தானாம். இடையிடையே செத்து உடைந்த கொப்புகள். சுற்றுலாப் பயணிகள் மிதித்து உடைத்தவையும் அதில் உண்டென்றார்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, வெளியே வந்தபோது முதுகு வெயிலில் எரிந்தது. அக்கா இறங்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு செத்த முருகைத் துண்டைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

அக்கரையில் மன்னார் வளைகுடாவில் இறங்கும் பெண்களைப் பற்றி அன்றிரவு அவருக்குச் சொன்னேன். இராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள் சிலிண்டர் இல்லாமலே மூழ்குகிறார்கள். கல்லில் வெட்டாமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். 1986இல் தேசிய பூங்கா வந்தபின் தீவுகளுக்குப் போக அவர்களுக்குத் தடை வந்தது. சண்டை பிடித்தார்கள், தாங்களாகவே மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து இலட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகொலஜி பரிசு கிடைத்தது. அக்கா நெடுநேரம் இதைப் பற்றிக் கேட்டார். பரிசைப் பற்றி அல்ல. “மூச்சை எவ்வளவு நேரம் பிடிப்பினம்?” என்பதைப் பற்றி.

தொண்டர் சுழியோட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காசு உள்ளவருக்கே அது தொண்டு. பயிற்சிக்கும் சாமானுக்கும் ஆகும் செலவில் எங்கள் குழுவில் பத்துப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வாங்கலாம். கடலை அறிந்த எங்கள் ஆண்களோ பிழைப்புக்காகப் பாதுகாப்பில்லாமல் இறங்கி முடமாகிறார்கள். அவர்களுக்கே முறையாகப் பழக்கி, கூலியும் கொடுத்து எண்ணவிட்டால் என்ன? 2021 ஜூனில் நெடுந்தீவுக் கடலில் மீன் பெருக்கவென்று பழைய பஸ்களை இறக்கினார்கள். அவற்றில் இப்போது என்ன வாழ்கிறது என்று வருடா வருடம் பார்த்துச் சொல்ல வடக்கில் ஆள் வேண்டாமா? 2017இல் இழுவைமடித் தொழில் சட்டப்படி தடையாயிற்று. றோலர் இழுத்த அடித்தளம் தேறுகிறதா என்று யார் பார்ப்பது?

கடல் எங்களுக்குத் தூரம் என்று சுன்னாகத்தார் சொல்வதற்கும் இல்லை. எங்கள் கிணறுகள் வெட்டப்பட்ட சுண்ணக்கல்லே பழங்காலக் கடலடியில் உண்டானதுதான். அது பொந்தும் வெடிப்புமான கல். மேலே ஊற்றுவது எங்கேயோ போய்ச் சேரும். 2014, 2015இல் எங்கள் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது அதை நாங்கள் நன்றாகவே படித்தோம். அப்போதும் எத்தனை கிணறு என்று வீடு வீடாக எண்ணிக் கேட்டபிறகுதான் விசயம் பெரிதாயிற்று, 2019இல் உச்ச நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கச் சொல்லும் வரைக்கும் போயிற்று. அக்காவின் கேள்விக்கு இதுதான் என் பதில் என்று பஸ்ஸில் திரும்பும்போது சொன்னேன். அவர், “கிணத்துக்கு நாங்கள் சொந்தக்காரர். கல்லுக்கு ஆர்?” என்றார்.

புறப்படும்போது ஒரு நிபந்தனை வைத்திருந்தேன்: முடிவைத் தமிழில் எங்களுக்கும் அனுப்பவேண்டும். மூன்று மாதம் கழித்து வந்தது. இரண்டு பக்கம், அக்கா எழுதிய மீன் பெயர்களோடு. நான் கொண்டுபோய்க் கொடுக்க, அக்கா கணவருக்குச் சத்தமாக வாசித்தார். கலவாய் என்ற இடத்தில் பூச்சியம்.

“ஒண்டுமே இல்லையோ?” என்றார் அவர். “அந்தக் கல்லின்ரை தெற்குப் பக்கம் ஒரு பொந்து இருக்கு. அதுக்கை பாத்தவையோ எண்டு கேளுங்கோ.”

கேட்டு எழுதியிருக்கிறேன். வருகிற மே மாதம் பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கனடாப் பிள்ளை பதில் போட்டிருக்கிறாள். பொந்து எவ்வளவு ஆழத்தில் என்றும் கேட்டிருக்கிறாள்.