கூண்டில்லாத கிளிகள்

மதகடிப்பட்டில் கிளி வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். பேனா மூடியைக் கடித்துத் துப்பும், கொய்யாவைப் பாதி தின்றுவிட்டு எறியும், விரல் நீட்டினால் கொத்தும்! அந்தக் குறும்பை ரசிக்கத்தான் இறக்கையை வெட்டிக் கூண்டில் அடைக்கிறார்கள். பனைமரப் பொந்தில் பிறந்த பச்சைக்கிளியை வீட்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது.

அப்படியென்றால் கிளியோடு பழகவே முடியாதா? முடியும். சென்னை இராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்து வந்த சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு மாடிக்கு வந்த கிளிகளுக்கு அரிசி வைத்தார். நாளடைவில் ஆயிரக்கணக்கில் வந்தன. வரிசையாக உட்கார்ந்து தின்றன, சண்டை போட்டன, பறந்து போயின. மறுநாள் தாமாகவே திரும்பி வந்தன.

இறக்கை இருந்தும் திரும்பி வருகிறதே, அதுதானே பாசம்!